ஒரு வளையம் கூடுதல்

"ஒண்ணு, ரெண்டு, மூணு... இரு இரு, நீ யாரு?"

நுண்ணோக்கியில் குனிந்தபடி கல்லக்கா கேட்கிறாள். கேட்பது ஒரு கோட்டிடம். மீனின் காதுக்கல்லைச் சீவி எடுத்த மெல்லிய துண்டில், நடுப்புள்ளியை ஒட்டி, இருக்கிறேன் இல்லை என்று இழுத்துக்கொண்டிருக்கிற மங்கலான கோடு. அது பதில் சொல்வதில்லை. கல்லக்கா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வெள்ளை மேலங்கியின் நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறாள். ஒவ்வொரு வளையத்துக்கும் வலது கை ஆள்காட்டி விரல் மேஜைமேல் ஒரு தட்டு தட்டும். பக்கத்து அறைக்காரர்கள் அந்தத் தட்டலை வைத்தே மீனுக்கு என்ன வயது என்று சொல்லிவிடுவார்கள்.

மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் இயக்குநரில் தொடங்கி வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவள் கல்லக்கா. வயது ஐம்பத்தாறு இருக்கும். ஊரிலுள்ள மீன்களுக்கெல்லாம் வயது சொல்கிறவளிடம் அவள் வயதைக் கேட்டால், "அறுத்துப் பாத்தாத்தான் தெரியும்" என்று முடித்துவிடுவாள். இருபத்திரண்டு வருடமாக இதே அறை, இழுத்து மூடிய இதே திரை. ஒரு காலத்தில் பழைய வலைகளைப் போட்டுவைத்திருந்த அறை அது. ஈரமான நாட்களில் இன்னமும் வலை வாடை அடிக்கும். சுவர் நெடுகத் தட்டையான இழுப்பறைகள். இழுப்பறைக்கு நூறு ஸ்லைடு. ஸ்லைடுக்கு ஒரு மீன்.

மீனுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. ஆனால் அதன் தலைக்குள், மூளையை ஒட்டி, அரிசியளவில் ஒரு கல் இருக்கிறது. மீனோடு சேர்ந்து அதுவும் வளர்கிறது. நன்றாக வளரும் வெயில் மாதங்களில் ஒரு அகலமான பட்டை, வளர்ச்சி மந்தமாகும் குளிர் மாதங்களில் ஒரு மெல்லிய வளையம். வருடத்துக்கு ஒன்று. கல்லைப் பசையில் பதித்து, மெல்லிசாக அறுத்து, விளக்கின்மேல் வைத்து எண்ணினால் வயது வந்துவிடும். எந்த வயதில் எவ்வளவு மீன் கடலில் இருக்கிறது என்று தெரிந்தால்தான், இந்த வருடம் படகுகள் எவ்வளவு பிடிக்கலாம் என்று மேலே இருப்பவர்கள் சொல்ல முடியும். அத்தனை படகுகளும் கடைசியில் கல்லக்காவின் ஆள்காட்டி விரலில் வந்து நிற்கின்றன. இது படகுக்காரர்களுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது.

இவ்வளவு மீனோடு புழங்குகிறவள் மீன் சாப்பிடுவாளா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். வெளுத்துக்கட்டுவாள். ஆனால் விருந்துக்கு அழைத்தால் சங்கடம். தட்டில் மீன் தலை வந்துவிட்டால், சுற்றி உட்கார்ந்திருப்பவர்களை மறந்து கரண்டிக் காம்பால் நெம்பிக் கல்லை எடுத்து, கைக்குட்டையில் முடிந்து கைப்பைக்குள் போட்டுக்கொள்வாள். தங்கையின் கல்யாண விருந்திலேயே அப்படிச் செய்தாள். "மானத்த வாங்காதக்கா, எல்லாரும் பாக்கறாங்க" என்று மணப்பெண் பல்லைக் கடித்தாள். "பாக்கட்டும். இது மூணு வயசுகூட ஆகாத மீன், பிடிச்சிருக்கவே கூடாது" என்றாள் அக்கா.

அந்தத் தங்கையைச் சொல்ல வேண்டும். அக்காவும் தங்கையும் கல்யாணம் ஆகாமல் ஒரே வீட்டில் இருபது வருடம் இருந்தவர்கள். மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை வீடு. ஒருத்தி சமைத்தால் ஒருத்தி பாத்திரம் தேய்ப்பாள். இரண்டு பேருக்கும் சண்டை என்றால் பாத்திரச் சத்தத்திலேயே தெரியும். நாற்பத்திநாலாவது வயதில் தங்கைக்குக் கல்யாணம் கூடிவந்தது. அக்கா சந்தோஷமாகத்தான் அனுப்பிவைத்தாள். தங்கை எட்டு மணி நேரப் பயணத்தில் வேறொரு ஊருக்குப் போய்விட்டாள். மறுநாள் காலை கல்லக்கா பழக்க தோஷத்தில் இரண்டு கோப்பை தேநீர் போட்டு, இரண்டையும் தானே குடித்துவிட்டு வேலைக்கு வந்தாள். அது நடந்து ஏழு வருடம் ஆகிறது.

வீட்டில் பேச ஆளில்லை, அறையிலும் பேச ஆளில்லை. அறையில் இல்லாததற்குக் காரணம் விதிமுறை. கல்லை வாசிப்பவருக்கு ஸ்லைடின்மேல் ஒரு எண் மட்டும்தான் தெரியலாம்; மீனின் நீளம், பிடித்த மாதம், இடம் எதுவும் தெரியக் கூடாது. பெரிய மீன் என்று தெரிந்துவிட்டால் கண் தானாக இரண்டு வளையம் கூட்டி எண்ணும். "கண்ணு பாவம், மனசு சொல்றததான் அது பாக்கும்" என்பாள் கல்லக்கா. அதனால் ஒவ்வொரு கல்லையும் இரண்டு பேர் தனித்தனியாக வாசிக்க வேண்டும். முதல் வாசிப்பாளர் அவள். அவள் முடித்த பெட்டி, இன்னொரு ஊரிலுள்ள கிளை நிலையத்துக்கு, இரண்டாம் வாசிப்பாளருக்குப் போகும். இருவரும் எண்களைப் பதிவுசெய்யும்வரை அந்தக் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. எண்கள் ஒத்துப்போகாவிட்டால் இருவரும் மறுபடி வாசிக்க வேண்டும். அப்போதும் ஒத்துப்போகாவிட்டால் அந்தக் கல் ஒதுக்குப் பெட்டிக்குப் போய்விடும்.

இந்த இரண்டாம் வாசிப்பாளரை அவள் நேரில் பார்த்ததில்லை. குரலைக் கேட்டதில்லை. அவளுக்கு அவர் 'ரெண்டாமவர்'. ஒருமுறை தொலைபேசியில் தங்கையிடம், "ரெண்டாமவர் இன்னிக்கு ரொம்ப கறார்" என்று சொல்லிவைத்தாள். தங்கை மெதுவாக, "அக்கா, முதலாமவர் யாருன்னு மொதல்ல சொல்லு" என்றாள். கல்லக்கா கண்ணில் நீர் வருமளவு சிரித்தாள். அதன்பிறகு தங்கை எப்போது கூப்பிட்டாலும், "உன் ரெண்டாமவர் எப்படி இருக்கார்?" என்றுதான் ஆரம்பிப்பாள்.

ஆரம்பத்தில் முதலாமவருக்கும் ரெண்டாமவருக்கும் ஏழாம் பொருத்தம். மாதக் கடைசியில் கணினியில் வரும் ஒப்பீட்டுத் தாளில் நூற்றுக்கு முப்பது கல்லாவது முட்டிக்கொண்டு நிற்கும். எங்கே முட்டுகிறது என்று கண்டுபிடிக்க அவளுக்கு வெகுநாள் ஆகவில்லை. நடுப்புள்ளியை ஒட்டிய அந்த மங்கலான கோட்டை அவர் ஒரு வருடமாக எண்ணினார், இவள் எண்ணவில்லை. அது வருட வளையமில்லை, குட்டி மீனுக்கு ஏதோ ஒரு சங்கடம் வந்துபோன வடு என்பது அவள் கட்சி. அவர் நான்கு என்றால் இவள் மூன்று. மறுவாசிப்பிலும் இவள் மூன்று. ஒதுக்குப் பெட்டி நிரம்பி வழிந்தது.

தங்கை கல்யாணமாகிப் போன மாதம் அது. மத்தியானம் மூன்று மணி. ஸ்லைடில் அந்தக் கோடு மற்ற நாட்களைவிடக் கொஞ்சம் அழுத்தமாகத் தெரிந்தது. ரெண்டாமவர் இதை எண்ணுவார் என்று கல்லக்காவுக்குத் தோன்றியது. கை நான்கு என்று போட்டது. அடுத்ததிலும் நான்கு. கோடு அழுத்தமாக இருந்து, இவர் கட்டாயம் எண்ணுவார் என்று தோன்றிய இடங்களில் மட்டும் எண்ணினாள். ரொம்ப மங்கலாக இருந்தால் விட்டுவிட்டாள். மாதக் கடைசியில் தாள் வந்தது. நூற்றில் தொண்ணூற்றிநாலு பொருந்தியிருந்தது. தாளின் ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அதை யாரும் நிரப்பியதில்லை. அன்று அதில் ரெண்டாமவர் ஒரு வார்த்தை தட்டியிருந்தார்: "மகிழ்ச்சி."

கல்லக்கா அந்த வார்த்தையை எத்தனை தடவை வாசித்தாள் என்று சொன்னால் அவளுக்கு வெட்கமாக இருக்கும், விட்டுவிடுவோம். அடுத்த மாதம் அவளும் அந்தக் கட்டத்தில், "எனக்கும்" என்று எழுதினாள். அதற்கடுத்த மாதம் அவர், "இங்கே மழை" என்றார். "இங்கே இல்லை, அனுப்பிவையுங்கள்" என்றாள் இவள். கற்களைப் பற்றித்தான் பேசக் கூடாது. மழையைப் பற்றிப் பேசக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. இப்படி மாதம் ஒரு வரி. அவர் வளர்த்த பூனை காணாமல் போனது, திரும்பி வந்தது, இவளுக்கு இடது கண்ணில் புரை என்று மருத்துவர் சொன்னது, "இன்னும் சில காலம் தாங்கும்" என்று அவர் ஆறுதல் சொன்னது எல்லாம் அந்தக் கட்டத்தில் இருக்கின்றன. ஏழு வருடத்தில் எண்பத்துச் சொச்சம் வரிகள். தான் பார்ப்பதையே பார்க்கிற ஒருவர் உலகத்தில் இருக்கிறார் என்ற நினைப்பில் அவள் காலையில் எழுந்திருந்தாள். அவர் பார்ப்பதைத்தான் தான் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பதை அவள் மறக்கவில்லை. நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

கட்டடத்துக்குப் பின்னால் ஐந்து பெரிய தொட்டிகள். அவற்றுக்கு ஒரு தொட்டிக்காரர். மீன் முட்டை பொரிந்த தேதியிலிருந்து தண்ணீர் மாற்றிய நேரம்வரை ஒரு நீளமான நாட்குறிப்பில் எழுதிவைக்கிற மனிதர். மூன்று வருடத்துக்கு முன் ஒரு தொட்டியில் பொரித்து வளர்த்த மீன்களில் அறுபதின் காதுக்கற்களை, துறைத்தலைவர் யாரிடமும் சொல்லாமல் வழக்கமான பெட்டிகளுக்குள் கலந்துவிட்டார். வயது தெரிந்த மீனைத் தெரியாததுபோல் வாசிக்கக் கொடுத்து வாசிப்பாளரைச் சோதிப்பது அந்தத் துறையில் வழக்கம்தான். எல்லாம் மூன்று வயது மீன்கள். ஐம்பத்திரண்டு கல்லுக்கு முதல் வாசிப்பாளரும் நான்கு, இரண்டாம் வாசிப்பாளரும் நான்கு என்று எழுதியிருந்தார்கள்.

துறைத்தலைவர் கூப்பிட்டனுப்பியபோது தொட்டிக்காரரும் அங்கே நாட்குறிப்போடு இருந்தார். "ஏழாவது மாசம் சின்னத் தொட்டியிலேர்ந்து பெரிய தொட்டிக்கு மாத்தினேம்மா. தீனியையும் அன்னிக்கேதான் மாத்தினேன். நாலு நாள் ஒண்ணுமே சாப்பிடல. அதான் கோடா விழுந்திருக்கு" என்றார். பிறகு யாரும் கேட்காமலே, "எடம் மாறினா எந்த உசிருக்கும் கொஞ்சம் ஆடித்தானே போகும்" என்று சேர்த்துக்கொண்டார். கல்லக்கா நாட்குறிப்பிலிருந்த தேதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பே அவள் கண் சொன்ன விஷயம். அவள் கண் சரியாகத்தான் சொல்லியிருந்தது.

துறைத்தலைவர் நல்ல மனிதர். "இதுல உங்க தப்பு ஒண்ணுமில்ல. ரெண்டு பேரும் தனித்தனியா பாத்து, ரெண்டு பேரும் ஒரே மாதிரி ஏமாந்திருக்கீங்க. அறிக்கையில அப்படியே எழுதிடலாம். பழைய கணக்குல எல்லாம் ஒரு வருஷத்தக் கழிச்சிட்டாப் போச்சு" என்றார். வயது ஒன்று கூடினால் மீன் மெதுவாக வளர்வதுபோல் கணக்கு காட்டும். மெதுவாக வளரும் மீனைக் குறைவாகத்தான் பிடிக்க விடுவார்கள். ஏழு வருடமாகப் படகுகள் தேவைக்கு முன்னாலேயே கரையில் கட்டப்பட்டிருக்கின்றன. இனி அதைச் சரிசெய்துவிடலாம் என்று அவர் நிம்மதியாக இருந்தார்.

தலையாட்டிவிட்டு வந்திருந்தால் காதும் காதும் வைத்தாற்போல் முடிந்திருக்கும். ரெண்டாமவரோடு தப்பிலும் பங்காளியாக, ஒரே வரியில் இரண்டு பேர் பெயரும் வந்திருக்கும். அடுத்த மாதமும் தாள் வரும், ஓரத்தில் கட்டம் இருக்கும். ஆனால் கல்லக்கா எல்லாக் கல்லிலும் அந்தக் கோட்டை எண்ணவில்லை. அவர் எண்ணுவார் என்று தோன்றிய இடத்தில் மட்டும் எண்ணினாள். எல்லாவற்றிலும் ஒன்றைக் கழித்தால், சரியாக இருந்த கற்களும் தப்பாகிவிடும். ஏழு வருடத்தில் வாசித்த ஒன்பதாயிரம் கல்லையும் வேறு யாராவது முதலிலிருந்து வாசித்தால்தான் உண்டு. அதற்கு அவள் வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் என்ன நடக்கும் என்பதும் அவளுக்கு மனப்பாடம். ஒருவர் வாசிப்பை இன்னொருவர் பின்பற்றியது தெரிந்தால் அந்த ஜோடியைப் பிரித்துவிட வேண்டும். விதிமுறைக் கையேட்டில் அந்த வரியை எழுதிக்கொடுத்ததே அவள்தான்.

மூன்று நாள் சொல்லவில்லை. மூன்று நாளும் வாசிக்கவும் இல்லை. விளக்கைப் போட்டு, ஸ்லைடை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னக்கா, இன்னிக்கு மீனெல்லாம் பொறக்கவே இல்லையா?" என்று கேட்டார். வழக்கமாக அவள் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பாள். அன்று சிரித்து மழுப்பினாள்.

நான்காம் நாள் காலையில் துறைத்தலைவரின் அறைக்குப் போய் நின்றுகொண்டே சொன்னாள். "அந்தக் கோடு வருஷம் இல்லன்னு எனக்குத் தெரியும் சார். தெரிஞ்சேதான் எண்ணினேன். எல்லாத்துலயும் இல்ல. அவர் எண்ணுவார்னு தோணின எடத்துல மட்டும்."

அவர் கையிலிருந்த பேனாவை மூடிவைத்தார். பிறகு, "யாராவது அழுத்தம் கொடுத்தாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"அப்புறம் ஏன்மா?"

கல்லக்காவுக்கு எதையும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது. "ஒத்துப்போச்சுன்னா நல்லா இருந்துச்சு சார்" என்றாள்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "உங்க ரெண்டு பேரையும் இனி ஜோடியா போட முடியாதும்மா" என்றார் தயங்கித் தயங்கி. "தெரியும் சார். அவருக்கு மட்டும் நானே சொல்லிடறேன்" என்றாள். அவர் சரி என்றார்.

அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அந்தக் கட்டம்தான். முற்பகல் முழுக்கத் தட்டித் தட்டி அழித்தாள். முதலில் ஒரு பக்கத்துக்கு வந்தது. அதில் தங்கை இருந்தாள், மூன்றாவது மாடி இருந்தது, பாத்திரம் தேய்க்கிற சத்தம் இல்லாமல் போனதுகூட இருந்தது. எல்லாவற்றையும் அழித்தாள். கடைசியில் மிஞ்சியது மூன்று வரி. 'நடுப்புள்ளியை ஒட்டிய கோட்டை நான் வருடமாகப் பார்க்கவில்லை. நீங்கள் எண்ணுவீர்கள் என்பதால் எண்ணினேன். மன்னிக்கவும்.' கீழே அறையின் தொலைபேசி எண்ணையும் போட்டாள். ஏன் போட்டாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அனுப்பிவிட்டு, டப்பாவிலிருந்த சாப்பாட்டைப் பாதி தின்று மீதியை மூடிவைத்தாள்.

இரண்டேகால் மணிக்குத் தொலைபேசி அடித்தது. அந்தக் கருவி அடித்தே பல மாதம் ஆகியிருந்ததால் முதல் இரண்டு மணியை அவள் வேறு அறையில் என்று நினைத்துவிட்டாள்.

"நான் இங்க... ரெண்டாவது வாசிப்பாளர் பேசறேன்."

அவள் இத்தனை வருடம் மனதில் வைத்திருந்தது கனத்த குரல். இது மெல்லிய குரல். பள்ளிக்கூடத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் குரல்போல் இருந்தது. அவர் திட்டுவார் என்று அவள் தயாராக இருந்தாள். உங்களால் என் பெயரும் கெட்டது என்று கேட்பார், ஒன்பதாயிரம் கல்லை யார் வாசிப்பது என்று கேட்பார் என்று ஒவ்வொன்றுக்கும் பதிலை வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். அவர் எதையும் கேட்கவில்லை. மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அந்தக் கோட்ட ஒரு நாள்கூட நீங்க வருஷமா பாக்கலியா?"

"இல்லைங்க."

"ஒரு கல்லுலகூட?"

"ஒண்ணுலகூட இல்லைங்க."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தப்படுவது கேட்டது. யாரும் கேட்கக் கூடாதென்று சாத்தியிருப்பார்.

"அப்ப இந்த ஏழு வருஷமும் நான் ஒருத்தனாத்தான் எண்ணிட்டு இருந்தேனா?"

கல்லக்கா தலையை ஆட்டினாள். தொலைபேசியில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்? அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு, "ஆமாங்க" என்றாள். தனக்கு ஒரு துணை வேண்டுமென்று அவள் செய்த காரியம் அவரை எவ்வளவு தனியாக விட்டிருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மன்னிப்பு என்ற வார்த்தையைக் கட்டத்திலேயே செலவழித்துவிட்டாள்.

இனி வைத்துவிடுவார் என்று காத்திருந்தாள். அவர் வைக்கவில்லை. எங்கோ ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு அந்த மெல்லிய குரல், "லைன்ல இருக்கீங்களா?" என்றது.

"இருக்கேன்" என்றாள் கல்லக்கா. மேஜை முழுக்க ஸ்லைடு தட்டுகள் பரத்திக் கிடந்தன. ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடது கையால் தட்டுகளை ஒவ்வொன்றாக ஓரத்துக்கு நகர்த்தி, முழங்கையை ஊன்றிக்கொள்ள இடம் பண்ணினாள்.